நெஞ்சுக்கு ஒன்று, முழங்காலுக்கு ஒன்று

இன்று பூண்டுலோயா பஸ்ஸில் பக்கத்துச் சீட்டு அம்மா, வெள்ளித்தாளைக் கிழித்து மூட்டுவலிக் குளிசை ஒன்றை வாயில் போட்டார். என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "வேற ஏதாச்சும் குளிசை குடிக்கிறீங்களாம்மா?" என்று கேட்டுவிட்டேன். அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். கோபம் எனக்கு அவர்மேல் வரவில்லை, உன்மேல்தான் பொத்துக்கொண்டு வந்தது. செத்துப்போன சிநேகிதியோடு சண்டை போடக் கூடாதாம். போடி, நான் போடுவேன்.

உனக்கு இதயத்தில் வால்வு மாற்றியது தொண்ணூறுகளின் கடைசியில். அதற்குப் பிறகு மாதந்தோறும் நுவரெலியாவில் கிளினிக், இரத்தப் பரிசோதனை. உனக்குச் சிங்களம் வராது. பிள்ளைக் காம்பிராவில் தேயிலைக் கொழுந்து பறிக்கிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்த நான், லீவு போட்டுவிட்டு உனக்கு வாயாக வந்தேன். டொக்டர் சொன்னதை ஒரு சொல் விடாமல் சொன்னேன். இந்தக் குளிசை வால்வில் இரத்தம் கட்டாமல் இருப்பதற்கு. இதோடு மூட்டுவலிக் குளிசை சேர்ந்தால் வயிறு புண்ணாகி உள்ளே இரத்தம் கசியும், கசிந்தால் லேசில் நிற்காது. வலி வந்தால் முதலில் எங்களைக் கேள். இவ்வளவுதான். நீயும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரித் தலையை ஆட்டினாய்.

வெளியே வந்ததும் ஆரம்பித்தாய். "இங்க குடுக்குறது நெஞ்சுக்கு. தோட்டத்து டிஸ்பென்சரியில குடுக்குறது முழங்காலுக்கு. அதுவும் இதுவும் எங்கடி சந்திக்கப் போகுது?"

"எல்லாம் ஒரே வயித்துக்குள்ளதானடி போகுது!" என்று பஸ் ஸ்டாண்டில் நான் கத்தினேன். நீ சிரித்துக்கொண்டே ஒரு வடையை வாங்கி என் கையில் திணித்தாய். உன்னோடு பேசி ஜெயித்தவர் யார்?

ஆபரேஷனில் பிழைத்து வந்ததற்கு மாரியம்மனுக்கு வருடா வருடம் பால்குடம் எடுப்பதாக நேர்ந்துகொண்டாய். ஆற்றிலிருந்து கோயில்வரை, வெறுங்காலோடு அந்த ஏற்றம். கொழுந்து பறித்துச் சரிவில் நின்று நின்று தேய்ந்த முழங்கால், கடைசி வருடம் பலாப்பிஞ்சு மாதிரி வீங்கியிருந்தது. டிஸ்பென்சரிக்குப் போனாய். கிளினிக் கார்டை மட்டும் வீட்டில் வைத்துவிட்டுப் போனாய். "கார்டக் காட்டுனா ஒன்னும் குடுக்காம அனுப்பிருவாரு" என்று உன் மகளிடம் சொன்னாயாமே. அப்படியென்றால் உனக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது!

அங்கே கொடுத்தது முடிந்ததும் லயத்து வரிசை வீடுகள் முழுக்கக் கை நீட்டினாய். நம் லயத்தில் குளிசை கேட்டால் யார் இல்லையென்பார்கள்? உப்பு, மிளகாய் மாதிரி அள்ளிக் கொடுத்தார்கள். தலை சுற்றியபோது பக்கத்து வீட்டுக்காரி, பிள்ளை வயிற்றிலிருந்தபோது மிஞ்சிய இரும்புக் குளிசையைக் கொடுத்தாள். பிறகு வெளிக்குக் கறுப்பாகப் போனபோது, "இரும்புக் குளிச குடிச்சா அப்புடித்தான் போகும், புள்ள பெத்தவளுக்குத் தெரியாதா?" என்று மகளின் வாயை அடைத்தாய். உள்ளே இரத்தம் கசிந்தாலும் அப்படித்தான் போகும், மகராசி.

நான் கேட்காமலா இருந்தேன்? "காலுக்கு ஏதாச்சும் குடிக்கிறியாடி?" என்றேன். "எண்ண தேய்க்கிறேன், புள்ள மேல சத்தியமா" என்றாய். அடிப்பாவி!

பால்குடத்தை ஒரு சொட்டுச் சிந்தாமல் கொண்டுபோய்ச் சேர்த்தாய். நானும் பின்னாலேயே வந்தேன். அன்று உன் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நினைத்தால் இப்போதும் திட்ட வாய் வருவதில்லை. மறுநாள் காலை இரத்தமாக வாந்தியெடுத்தாய். கொழுந்து லொறியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். உன் சுருக்குப்பையை மகள் அங்கே கொட்டிக் காட்டினாள். வெற்றிலைக்குள்ளே கலர் கலராகக் குளிசைகள்.

டொக்டர் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பிச் சிங்களத்தில் சொன்னார். இரத்தம் நிறையப் போய்விட்டது, செய்ய முடிந்ததைச் செய்கிறோம், நம்பிக்கை வைக்க வேண்டாம், சொந்தக்காரர்களைக் கூப்பிடுங்கள்.

நீ என் கையைப் பிடித்தாய். "என்னடி சொல்றாரு?"

"ரத்தம் ஏத்துனா சரியாயிருமாம்டி."

"நீ சொன்னா சரிதான்டி" என்று சொல்லிக் கண்ணை மூடினாய்.

அத்தனை வருடமும் நான் சொன்ன உண்மையில் ஒன்றைக்கூட நீ காதில் வாங்கவில்லை. சொன்ன ஒரே பொய்யை மட்டும் அப்படியே நம்பிவிட்டுப் போனாயேடி.