ஷிபினின் மாத்திரை தொலையவில்லை

அன்பு மகள் பெனிஷாவுக்கு, திருவொற்றியூரிலிருந்து அப்பா எழுதுவது. கர்த்தர் கிருபையால் நானும் அம்மாவும் சரீர சுகத்தோடு இருக்கிறோம், ஆக்லாந்தில் நீயும் மருமகனும் ஷிபினும் சுகமாயிருக்க தினமும் ஜெபிக்கிறோம். அம்மாவுக்கு முட்டுவலி பரவாயில்லை, மணலிப் பக்கமிருந்து காற்றடித்தால் எனக்கு இருமல் வருகிறது, வேறொன்றுமில்லை. இதைப் போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

ஷிபினின் மாத்திரை ஷேர் ஆட்டோவில் தொலையவில்லை மகளே. நான்தான் எடுத்துப் போட்டேன். கிறிஸ்மஸ் முடிந்து நீ அவனை எங்களிடம் விட்டுவிட்டு நாகர்கோவிலுக்கு உன் மாமியார் வீட்டுக்குப் போன மறுநாள், பதினைந்து வயசுப் பையன் வியாபாரம் பார்க்கட்டும் என்று கடைக்குக் கூட்டிப்போனேன். கொஞ்ச நேரத்தில் மூட்டை இறக்குகிற பீம்ராவ் வந்து, "தம்பி பின்னால அயுதுகினு கீது மொதலாளி, இன்னான்னு கேளு" என்றான். போய்ப் பார்த்தால் பருப்பு மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறான், ஏன் அழுகிறாய் என்றால் தெரியவில்லை என்கிறான். பீம்ராவ் கரிசனமாகத்தான் சொன்னான், எனக்கோ கடையாட்கள் முன்னால் மானம் போன மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்ததும் அவன் பையிலிருந்த மாத்திரை அட்டைகளை எடுத்துத் தெருமுனைக் குப்பைத் தொட்டியில் போட்டேன். ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது என்று டாக்டர் சொன்னதை நீ என்னிடமும் சொல்லியிருந்தாய். மனசுக்கு மாத்திரை சாப்பிடுகிறவன் ஆம்பளையா, என் பேரனுக்கு இது வேண்டாம் என்று அவனிடமே சொன்னேன். சரி தாத்தா என்றான், அவ்வளவுதான்.

மூன்றாம் நாளிலிருந்து தலைசுற்றல், வாந்தி, தலைக்குள் ஷாக் அடிக்கிற மாதிரி இருக்கிறது என்றான். தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை போல என்று அம்மா வெந்நீர் போட்டுக் கொடுத்தாள், காரணம் தெரிந்த நான் வாயைத் திறக்கவில்லை. எழும்புல என்று அதட்டிக் காலையில் கடற்கரைக்கு நடத்திக்கொண்டு போவேன். ஒருநாள் அங்கே அலையைத் தடுக்கக் கொட்டியிருக்கிற பாறைகள் பக்கம் என் கையைப் பிடித்துக்கொண்டான். "தாத்தா, என்னைத் தனியா விடாதீங்க. எனக்கு என்னையே பயமா இருக்கு" என்றான். அப்போதாவது உனக்குப் போன் செய்திருக்க வேண்டும். நீ என்ன சொல்வாயோ என்ற பயத்தில் செய்யவில்லை. நீ வரும்வரை அவன் பக்கத்தை விட்டு நகராமல் இருந்தேன், நான் செய்தது அது ஒன்றுதான்.

நீ வந்து கேட்டபோது, தொலைத்துவிட்டேன் என்று அவன் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டான். நீ அவனை அத்தனை திட்டினாய், நான் பக்கத்தில் நின்று சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தேன். மறுநாளே நீ டாக்டரிடம் கூட்டிப்போனதால் பிள்ளை தப்பினான். அவன் வயசில் நாசரேத்திலிருந்து ராயபுரத்துக்குக் கடைவேலைக்கு வந்தபோது நானும் மூட்டைக்குப் பின்னால் அழுதவன்தான். முதலாளி அறைந்த அறையில் அது நின்றது, அதைத்தான் இத்தனை வருஷமாக வளர்ப்பு என்று நினைத்திருக்கிறேன். விமான நிலையத்தில் நீ லக்கேஜ் போடப் போனபோது, ஏன் பொய் சொன்னாய் என்று அவனைக் கேட்டேன். "அம்மா உங்களைத் திட்டினா நீங்க அழுதிருப்பீங்க தாத்தா. உங்களுக்கு அது பிடிக்காதுல்ல" என்றான்.

நேற்று அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சாப்பாட்டை மேசையில் வைத்துவிட்டுப் போகிறாள், பேசவில்லை. உனக்கும் என்னோடு பேசப் பிடிக்காவிட்டால் ஏன் என்று நான் கேட்க முடியாது. இந்தக் கடிதத்தை ஷிபினுக்கு முழுசாக வாசித்துக் காட்டு, எனக்காக ஒரு வரியையும் விடாதே. தாத்தா மன்னிப்புக் கேட்கிறேன் என்று சொல். டாக்டர் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தவே வேண்டாம். கர்த்தர் உங்கள் மூவரையும் தம் கைக்குள் வைத்துக் காப்பாராக. அடுத்த லீவுக்கு வந்தால், அவனாகக் கேட்டாலொழிய அவனை என்னிடம் விட்டுவிட்டுப் போகாதே.

உன் அப்பா,
அய்யாத்துரை