யானைப் பெட்டியின் மெட்டு

நவம்பர் 21, வியாழன்

தேன்கனிக்கோட்டைப் பக்கம் யானை அலாரம் பெட்டி நன்றாகப் போகிறது. ராகிக் காட்டோரக் கம்பியை யானை தொட்டால் வீட்டிலிருக்கும் பெட்டி பாடும். உள்ளே ஒரு மைக்ரோகன்ட்ரோலர், உள்ளங்கை அளவு ஸ்பீக்கர். நம்ம கடை டெக்னீஷியன் ஹரீஷ்குமார் முதலில் கர்ணகொடூரமாக ஒரு சத்தம் வைத்திருந்தான். மெட்டாக மாற்றச் சொன்னது நான். விற்கிற பொருள் காதுக்கு இனிக்க வேண்டாமா?

நவம்பர் 24, ஞாயிறு



காலையில், பெட்டி வாங்கிய நஞ்சம்மாவிடமிருந்து போன். விடிந்தும் விடியாத பனியில் பெட்டி பாடியிருக்கிறது. அந்தம்மா குப்பை வாளியோடு வெளியே வந்திருக்கிறார். வாசலில் யானை.

"குப்பை வண்டின்னு நினைச்சேண்ணா. அதுவும் இதே பாட்டைத்தான் பாடிட்டு வரும்."

வாளியைப் போட்டுவிட்டு உள்ளே ஓடித் தாழ் போட்டிருக்கிறார். பிழைத்தது பெரிசு.

ஹரீஷ் தலையில் கை வைத்துவிட்டான். இணையத்தில் எல்லாரும் எடுக்கிற இலவச மெட்டாம் அது. யானைக் கூட்டம் இன்னும் காட்டுக்குத் திரும்பவில்லை. அத்தனை வீட்டிலும் இதே பெட்டி — கதவைத் திறக்கவைக்கிற மணியையாடா வித்திருக்கேன்?

நவம்பர் 25, திங்கள்

கடைக்குப் பூட்டு. வீடு வீடாக லேப்டாப்பைச் சொருகி மாற்றுகிறோம். மெட்டே வேண்டாம், இரண்டு சுரம், மாறி மாறி. முதலில் வைத்தது கீழ்ச் சுரம். இந்தச் சின்ன ஸ்பீக்கரில் கொசு மாதிரி முனகியது. சுரத்தைக் கொஞ்சம் ஏற்றினோம். நஞ்சம்மாவின் பக்கத்து வீட்டு வெங்கடப்பன் எட்டிப் பார்த்து, "ஐஸ் வண்டியா?" என்றார்.

அழி. இன்னும் ஏற்று.

நவம்பர் 26, செவ்வாய்

எல்லாம் மாற்றியாச்சு. சத்தம் கேட்டால் கதவைத் திறக்காதீங்க என்றேன். தலையாட்டினார்கள். விற்கும்போதும் ஆட்டினார்கள்தானே?

நவம்பர் 27

போன் அடித்தால் முதல் மணியிலேயே எடுத்துவிடுகிறேன்.

நவம்பர் 29, வெள்ளி

விடியற்காலை நஞ்சம்மா போன். பின்னால் பெட்டி அலறுகிறது, பேச்சே பிடிபடவில்லை.

"அண்ணா, களத்துல ஆனை நிக்குது. இந்தச் சனியனை எப்படிண்ணா நிறுத்தறது? மாடு மிரளுது, எனக்குக் காதே போச்சு. இப்படியா ஒரு பொருளைச் செய்வாங்க?"

"கதவு?" என்றேன்.

"தாழ் போட்டுத்தான் இருக்குது. இந்தச் சத்தத்துக்கு எவ வெளிய போவா?"

மறுபடி ஆரம்பித்தார். என் கடை, என் புத்தி, எதையும் விடவில்லை. போனைக் காதிலிருந்து எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

திட்டட்டும். உள்ளே இருந்துகொண்டுதானே திட்டுகிறார்.