போய் வந்த மாதிரி

ஜனவரி 9

என் அன்பு வாயாடிக்கு,

அப்பா எழுதுகிறேன். எழுத்து கோணலும் மாணலுமாக இருப்பதற்கு மன்னித்துக்கொள். சில எழுத்து கோட்டுக்கு மேலே ஏறி நிற்கிறது, சில கீழே தொங்குகிறது. தண்ணீர்க் குழாயும் பிரஷ்ஷும் பிடித்த விரல்களுக்குப் பேனா பல்குச்சி மாதிரி இருக்கிறது. இந்த இடத்துக்கு வந்து சேர்வதற்குள் பக்கத்தில் வைத்த டீ ஆறிவிட்டது.

ஆனால் இது நானே எழுதியது. யாரும் என் கையைப் பிடிக்கவில்லை!

போனில் நீ பேசுவது எனக்குப் பாதி கேட்பதில்லை. டெப்போ இன்ஜின்கள் தின்ற காது. அன்றைக்கு நீ காய்ச்சல் என்றாயாம், நான் "ரொம்ப சந்தோஷம்மா" என்றேனாம். இனி அந்தத் தொல்லை இல்லை. தாளில் நீ எவ்வளவு மெதுவாகப் பேசினாலும் எனக்குக் கேட்கும்.

யூனியன் ஹாலின் பின்னறையில் மாலை வகுப்பு. எல்லாம் என்னைப் போன்ற கிழங்கள். டீச்சருக்கு உன்னைவிட வயது குறைவு. பக்கத்தில் உட்காருபவன் என்னோடு பஸ் கழுவிய மொட்டை. எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன பெருசு, லவ் லெட்டரா?" என்றான். "ஆமாண்டா, என் பொண்ணுக்கு" என்றேன். "பொண்ணுக்கு எழுதினா அது லவ் லெட்டர்ல சேராது" என்கிறான். ஏன் சேராது?

இத்தனை வருஷமாக நான் துடைத்த பஸ் பலகைகளில் ஊர்ப்பெயர்கள் இருந்திருக்கின்றன. எனக்கு அது சேறு படிந்த பலகை, அவ்வளவுதான். இப்போது சாலையோரம் நின்று படிக்கிறேன். படித்து முடிப்பதற்குள் பஸ் போய்விடுகிறது. பரவாயில்லை, அடுத்தது வருகிறது.

ஒரு முக்கியமான விஷயம். நீங்கள் வந்தபோது மாப்பிள்ளையின் வண்டியைக் கழுவினேன் அல்லவா, பின் டயரில் பட்டனே இல்லை. தேய்ந்து வழவழவென்று கிடக்கிறது. ஈரத்தில் பிடிக்காது. நாளெல்லாம் பார்சலைக் கட்டிக்கொண்டு ஓடுகிற பிள்ளை. உடனே மாற்றச் சொல்.

அன்புள்ள
அப்பா


ஜனவரி 21

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை வீட்டு ஓனர் கொண்டுவந்து கொடுத்தபோது யாரோ சின்னப் பிள்ளை எழுதியது என்று நினைத்துவிட்டேன். கீழே "அப்பா" என்று பார்த்ததும் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். பாக்டரியில் என் லைனில் காலர் தைக்கிற எல்லோரிடமும் காட்டிவிட்டேன். சூப்பர்வைசர் வந்து, "படிச்சு முடிச்சாச்சுன்னா மெஷினையும் கொஞ்சம் ஓட்டுங்கம்மா" என்றார்.

நாங்கள் நன்றாக இருக்கிறோம். வீட்டுக்காகச் சேர்க்கிறோம் என்று சொன்னேனே, முன்பணம் கட்டிவிட்டால் மீதியை மாதாமாதம் கட்டலாம். இரண்டு அறை, தனிக் குழாய். இப்போது இருக்கும் மூன்றாம் மாடி அறையில் தலைக்கு மேல் தண்ணீர்த் தொட்டி. அது நிரம்பும்போதெல்லாம் அருவிக்கு அடியில் குடியிருப்பது போல இருக்கிறது.

சேர்ப்பதற்கு உங்கள் மாப்பிள்ளை ஒரு விளையாட்டு கண்டுபிடித்திருக்கிறார். சனிக்கிழமை சாயங்காலம் நன்றாக உடுத்திக்கொண்டு வாசல் படியில் உட்காருவோம். "இன்னைக்கு எங்க போலாம்?" என்பார். சினிமா என்பேன். சினிமாவுக்குப் போன மாதிரி அவர் ஒரு கதை சொல்லுவார், எல்லாம் அவரே கட்டுகிற கதை. சண்டையெல்லாம் போட்டுக் காட்டுவார். நடுவில் எழுந்து, "இன்டர்வல், பாப்கார்ன் விலை ஏறிடுச்சு, வேணாம்" என்பார். சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும். டிக்கெட் காசு பால்பவுடர் டப்பாவுக்குள் போய்விடும். இப்படியே ஓட்டலுக்கும் போய் வந்தோம், சர்க்கஸுக்கும் போய் வந்தோம்.

அவரும் எழுதவேண்டுமாம். கொடுக்கிறேன்.

மாமா, வணக்கம். உங்க எழுத்து என் எழுத்தைவிட நல்லா இருக்கு. டயர் மாத்தியாச்சு. கவலைப்படாதீங்க.

உங்கள்
வாயாடி


பிப்ரவரி 12

என் அன்பு வாயாடிக்கு,

உன் கடிதத்தை மூன்று நாள் படித்தேன். வேகமாகப் படிக்கத் தெரியாது என்பதால் அல்ல. தீர்ந்துவிடுமே என்று.

டயரை மாற்றிவிட்டாரே, நல்லது. சொன்னதும் கேட்கிற மாப்பிள்ளை. மொட்டையின் மருமகனிடம் ஒன்று சொன்னால் அதைத் தவிர எல்லாம் செய்வானாம்.

உங்கள் விளையாட்டை வகுப்பில் சொன்னேன். எல்லோருக்கும் பிடித்துவிட்டது. மொட்டை எழுந்து, "டீச்சர், நான் வீட்டுப்பாடம் எழுதின மாதிரி" என்றான். டீச்சர், "நானும் மார்க் போட்ட மாதிரி" என்றார். ஹாலே அதிர்ந்தது.

வீட்டுக்கு வந்து படுத்தபின் ஒன்று தோன்றியது. ஓட்டலுக்குப் போய் வந்த அன்று ராத்திரி நிஜமாக என்ன சாப்பிட்டீர்கள்? அதை நீ எழுதவில்லை.

அன்புள்ள
அப்பா


ஏப்ரல் 3

அன்புள்ள அப்பாவுக்கு,

தாமதத்துக்குக் கோபிக்க வேண்டாம். இரண்டு மாதமாக ஓவர்டைம். அவரும் ராத்திரி டெலிவரி எடுத்திருக்கிறார். நான் எழுந்திருக்கும்போது அவர் படுக்கிறார். சாவியைக் கைமாற்றும்போது பார்த்துக்கொள்கிறோம்.

விளையாட்டு சனிக்கிழமையைத் தாண்டிவிட்டது அப்பா. மத்தியானம் சாப்பிட்ட மாதிரி. மின்விசிறி ரிப்பேர் செய்த மாதிரி. எனக்குப் பல் வலித்தது. "டாக்டர்கிட்ட போய் வந்த மாதிரி" என்று நானே சொன்னேன். அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். கிராம்பு வைத்துக்கொண்டு படுத்தேன்.

இந்த மாதம் இருபத்தெட்டாம் தேதி எங்கள் கல்யாண நாள். நான் கடலைப் பார்த்ததே இல்லை. இங்கிருந்து நாலு மணி நேரம்தான். கேட்டேன். அவர் படியில் உட்கார்ந்து, "சரி, கடலுக்கு வந்தாச்சு" என்று ஆரம்பித்தார். அலை வருது என்றார். தூங்கிவிட்டார். பாதிச் சொல்லில் அப்படியே தூங்கிவிட்டார்.

இன்னும் எட்டு மாதம் இப்படி ஓட்டினால் முன்பணம் சேர்ந்துவிடும். அதுவரை பொறுக்கலாம்தான். ஆனால் நீங்கள் சொன்னால் அவர் கேட்பார். ஒரு வரி எழுதுவீர்களா?

உங்கள்
வாயாடி


ஏப்ரல் 11

என் அன்பு மாப்பிள்ளைக்கும் வாயாடிக்கும்,

இதை இருவரும் சேர்ந்து படிக்கவேண்டும்.

மாப்பிள்ளை, பிள்ளைகள் இந்த வயதில் காசு சேர்ப்பது எனக்குப் பெருமை. நான் சேர்த்ததில்லை. வந்ததை அந்தந்த வாரமே தின்று தீர்த்தேன். அதனால் உங்களுக்குப் புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஆனாலும் கேட்கிறேன், அவளைக் கடலுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். நிஜமாக. காலில் மணல் ஒட்டவேண்டும்.

இருவருக்கும் பஸ்ஸுக்கும், அங்கே ஒரு வேளை வயிறாரச் சாப்பிடவும் மணியார்டர் அனுப்பியிருக்கிறேன். பாரத்தை நானே நிரப்பினேன். கவுன்டரில் இருந்த அம்மாள், "கட்டைவிரல் வைக்கிறீங்களா தாத்தா?" என்றார். "எதுக்கு? கையெழுத்தே போடுவேன்" என்றேன். க்யூவில் எல்லோரும் காத்திருந்தார்கள். நிதானமாகப் போட்டேன்.

பஸ்ஸிலேயே போங்கள். ராத்திரி டெலிவரி முடித்த கண்ணோடு வண்டி ஓட்டவேண்டாம். ஜன்னல் பக்கம் அவளுக்கு.

அன்புள்ள
அப்பா


மே 26

என் வாயாடிக்கு,

மாப்பிள்ளையின் காரியம் முடிந்து ஊர் வந்து சேர்ந்தேன். அங்கே உன்னோடு இருந்த நாட்களில் நீ ஒரு வார்த்தை பேசவில்லை. கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு சுவரையே பார்த்தாய். அவருடைய சட்டைகள் கொடியில் கிடந்தன, எடுக்கவும் விடவில்லை. நான் போகிறேன் என்றபோது தலையை மட்டும் ஆட்டினாய்.

எனக்கு ஒன்று மனதில் அரித்துக்கொண்டே இருக்கிறது. மழை என்கிறார்கள், வளைவு என்கிறார்கள். பின் சக்கரம் வழுக்கியது என்று போலீஸ்காரர் சொன்னார். மூன்று மாதமே ஓடிய டயர் எப்படி வழுக்கும்? நான் எத்தனை டயர் பார்த்தவன்! பழைய டயரைச் சீவிப் புதிது என்று தலையில் கட்டியிருக்கிறான் எவனோ. அவனைச் சும்மா விடக்கூடாது.

புகார் மனு எழுதிவிட்டேன். டீச்சர் ஒரு எழுத்தும் திருத்தவில்லை. வகுப்பில் எல்லோரும் கீழே கையெழுத்துப் போட்டார்கள். மொட்டைக்குத் தன் பெயர் இன்னும் முழுதாக வராது. பாதிப் பெயர் போட்டுவிட்டு, "மீதியைக் கோர்ட்ல வந்து போடறேன்" என்றான்.

கடையின் பெயருக்கு மட்டும் இடம் விட்டிருக்கிறேன். எந்தக் கடை என்று எழுது.

அப்பா


ஜூன் 7

அப்பாவுக்கு,

மனுவை அனுப்பாதீர்கள். கடை எதுவும் இல்லை.

டயர் மாற்றவே இல்லை அப்பா.

ஜனவரியில் அவர் உங்களுக்கு எழுதப் பேனாவை வாங்கியபோது, "டயரைப் பத்தி மாமா கேக்கறாரே, என்னன்னு எழுத?" என்றார். நான்தான் சொன்னேன், "மாத்தின மாதிரின்னு எழுதுங்க" என்று. "மாமா பயந்துடுவார். மாத்தியாச்சுன்னே எழுதறேன்" என்றார். இருவரும் சிரித்தோம். டயர் காசை நான்தான் டப்பாவில் போட்டேன். அடுத்த மாதம் மாற்றலாம் என்றார். அடுத்த மாதமும் போட்டோம்.

உங்கள் மணியார்டரும் அதற்குள்தான் போனது. பஸ்ஸில் போன மாதிரி.

வண்டியில்தான் போய்க் கடலைப் பார்த்தோம். அவர் பேன்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு இறங்கினார். அலை அடித்ததும் பின்னால் ஓடிவந்து, "படியில உக்காந்து நாம பாத்த கடல் இவ்ளோ சத்தம் போடலயேடி" என்று கத்தினார். அவ்வளவு சிரித்து நான் அவரைப் பார்த்ததில்லை. வெகுநேரம் இருந்தோம். திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்கி நின்றால் டூட்டிக்கு நேரமாகிவிடும் என்றார். நானும் சரி என்றேன்.

நீங்கள் இங்கே இருந்தபோது வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "புது டயரும்மா, புது டயரு" என்று சொல்லிக்கொண்டிருந்தீர்கள். ஒவ்வொரு தடவையும் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

விபத்துப் பணமும் சேர்த்து முன்பணம் ஆகிவிட்டது. வீடு கட்டுகிறவர்கள் போன் செய்து, சாவி கொடுக்கத் தயார் என்கிறார்கள். அப்புறம் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

இனி எனக்கு எழுதவேண்டாம் அப்பா. உங்கள் பழைய கடிதத்தை எடுத்தேன். "மாற்றிவிட்டாரே, நல்லது" என்று இருக்கிறது. அதற்குமேல் என்னால் படிக்க முடியவில்லை. தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

மகள்


ஜூலை 2

என் வாயாடிக்கு,

எழுதவேண்டாம் என்றாய். இத்தனை நாள் எழுதவில்லை. தினமும் வகுப்புக்குப் போனேன், பலகையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மனுவை டீச்சரிடமிருந்து திருப்பி வாங்கிக்கொண்டேன். "கடை மேல தப்பு இல்லம்மா" என்றேன். அவர் பாடத்துக்குத் திரும்பிவிட்டார். மொட்டை விடுவானா? "அப்ப யார் மேலதான் தப்பு?" என்றான். "பேசாம டீயைக் குடி" என்றேன். குடித்தான். அவனுக்கும் மகள் இருக்கிறாள்.

உன்மேல் கோபம் இல்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கை ஓடவில்லை. கோபம் இருக்கிறது. சிரித்தீர்களாமே! நான் விரலால் தடவிப் பார்த்துச் சொன்னதை வைத்துச் சிரித்தீர்களா? மாப்பிள்ளைமேல் இன்னும் அதிகக் கோபம். அவரைத் திட்ட வழியில்லை. கடலுக்குப் போங்கள் என்று எழுதிய கையின்மேலும் கோபம். அந்தக் கையால்தான் இதையும் எழுதுகிறேன், வேறு கை இல்லை.

திட்டுவதற்கு நீ ஒருத்தி மிச்சம் இருக்கிறாய். நீயும் அந்த வளைவில் போயிருந்தால் இந்தத் தாளை நான் யாருக்கு அனுப்புவேன்? இதை நினைத்தபோதுதான் பேனாவை எடுத்தேன்.

வீட்டைப் பற்றி நான் எதுவும் சொல்லமாட்டேன். வாங்கு என்றும் சொல்லமாட்டேன், வேண்டாம் என்றும் சொல்லமாட்டேன். கடலைப் பற்றிச் சொன்னதே போதும். ஆனால் பல்லைக் காட்டினாயா? உன் கடிதத்தில் பல்லைப் பற்றி ஒன்றும் இல்லை. டாக்டரிடம் போ. போனபின், அவர் என்ன செய்தார், எவ்வளவு வலித்தது, ஊசி எங்கே போட்டார் என்று எழுது. எழுதாவிட்டால் நானே பஸ் ஏறி வந்து வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பேன். பலகை படித்து வர எனக்குத் தெரியும்.

என் எழுத்தைப் பார்க்க உன்னால் முடியவில்லை என்றால் உறையைப் பிரிக்காதே. அலமாரியில் போட்டு வை. தபால்காரரிடம் மட்டும் திருப்பிக் கொடுத்துவிடாதே. எனக்கு நிறைய எழுத இருக்கிறது, கை மெதுவாகத்தான் போகிறது. இன்றைக்குத் தாள் முடிகிறது. அடுத்த வாரமும் ஒன்று போடுவேன். அதில் திட்டு கொஞ்சம் குறைவாக இருக்குமா என்று இப்போது சொல்ல முடியாது.

அப்பா