ராஜாக்களைக் கவிழ்த்துப் போடுங்கள்

ஜூன் 4

அன்புள்ள கடுகுக்கு,

நலம்தானே? புது அறையில் காற்று வருகிறதா? இங்கே லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை எப்போதும்போலத்தான். ஊரையே மேலே ஏற்றிவிட்டு நான் படியில் இறங்கி வருகிறேன்.

நீ எழுந்து போன ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் அப்படியே மேசையில் கிடக்கிறது. ரெண்டு பேருக்கும் பொதுவாக நடுவில் திறக்கும் ஐந்தில் ராஜா, சிவப்பு இதயம் போட்ட ஆட்டின் ஒன்பது, ஆட்டின் எட்டு, மூன்றும் திறந்தபடி. பக்கத்தில் சீட்டுக்கட்டு. பந்தயம் கட்டிய சட்டைப் பொத்தான்கள் நடுவில். என் நாலு சீட்டு கவிழ்ந்த வாக்கில். உன் நாலையும் நீ கைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டாய். கோபித்துக்கொண்டு போகிறவள் துணி எடுப்பாள், நகை எடுப்பாள், சீட்டையா எடுப்பாள்? மேசையைக் கலைக்க மனமில்லாமல் அடுப்படியில் நின்றபடியே சாப்பிடுகிறேன்.

இன்று காலை நாலாவது சீட்டு திறந்திருந்தது. ஆட்டின் நாலு. நான் கட்டைத் தொடவே இல்லை. இன்னொரு சாவி உன்னிடம்தான் இருக்கிறது. வந்தவள் ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போயிருக்கலாம்.

உன் லிஃப்ட்காரன்

ஜூன் 9

அன்புள்ள உங்களுக்கு,

நான் வரவில்லை. சாவி என் தலையணைக்கடியில் இருக்கிறது.

ஆட்டின் நாலு உங்கள் சீட்டுக்கட்டில் இருக்க முடியாது. என் கையில் நாலுமே ஆட்டின்: ஏஸ், ஜாக்கி, பத்து, நாலு. நான் வேலை பார்க்கும் மருந்துக்கடையின் பழைய மாத்திரை டப்பா ஒன்றில் போட்டு வைத்திருந்தேன். உங்கள் கடிதம் பார்த்துத் திறந்தால் மூன்றுதான் இருக்கிறது.

அந்தச் சீட்டு அங்கே திறந்த அன்று இங்கே இன்னொன்றும் நடந்தது. கடைக்கு வந்தவர், "யாராவது இருக்கீங்களா?" என்று உள்ளே எட்டிப் பார்த்துக் கூப்பிட்டார். நான் அவருக்கு நேர் எதிரேதான் நின்றிருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கையில் ரெண்டும் மேசையில் ஒன்றுமாக உங்களுக்கு மூன்று ராஜா சேர்ந்தது எனக்குத் தெரியும். நல்ல கை வந்தால் உங்கள் காது சிவந்துவிடும். ஆளுக்கு நாலு சீட்டு வைத்து ஆடும் ஒமாஹாவில் அந்த மாதிரிக் கை அந்த நிமிடத்துக்குத்தான் பெரியது, அடுத்து வரும் ரெண்டு சீட்டில் உடைந்துவிடும், அதனால் நடுவில் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவையும் உடனே கட்ட வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீங்கள். அன்று நான் எழுந்து நின்று, "நான் போகட்டுமா, இருக்கட்டுமா?" என்று கேட்டேன். நீங்கள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் விரலால் மேசையைத் தட்டினீர்கள். பந்தயம் கட்டாமல் விடுகிறவன் தட்டுகிற மாதிரி. எங்கே போய்விடுவாள் என்ற நினைப்பு உங்களுக்கு.

இப்படிக்கு,
கடுகு

ஜூன் 14

என் கடுகுக்கு,

ஐந்தாவதும் திறந்துவிட்டது. ஆட்டின் ஏஸ். எதிர் நாற்காலி, நீ உட்காரும்போது இழுத்துப் போட்டுக்கொள்வாயே, அந்த அளவுக்கு இழுபட்டிருக்கிறது. அதன் முன்னால் ரெண்டு சீட்டு கவிழ்ந்து கிடக்கிறது. நான் புரட்டிப் பார்க்கவில்லை. உன் ஜாக்கியும் பத்தும்தானே?

பயமாக இல்லை. சந்தோஷமாக இருக்கிறது என்றால் கோபிப்பாயா? உனக்கும் சேர்த்துத் தட்டு வைத்துவிட்டேன்.

உன் லிஃப்ட்காரன்

ஜூன் 18

அன்புள்ள உங்களுக்கு,

டப்பா காலி. கடையில் என் சம்பளத்தையே மறந்துவிட்டார்கள். இன்று வீட்டுக்கார அம்மா யாரோ ஒரு பெண்ணை என் அறைக்குக் கூட்டி வந்து, "ரூம் காலியாத்தான் கிடக்கு. கட்டில்ல உக்காந்து பாரும்மா" என்றார். அவள் என் மடியில் உட்கார வந்தாள். நான் நகர்ந்துகொண்டேன். கத்தினேன். ரெண்டு பேரும் வாடகையைப் பற்றிப் பேசிக்கொண்டே போய்விட்டார்கள்.

எனக்குப் பயமாக இருக்கிறது. அங்கே என் நாற்காலி முன்னால் ரெண்டு ஆட்டின், மேசை நடுவில் நாலு ஆட்டின். ஒரே சின்னத்தில் ஐந்து சேர்ந்த அந்தக் கை உங்கள் மூன்று ராஜாவை அடித்துவிட்டது. அது உங்களுக்கும் தெரியும். ஆனால் ஒரு தடவை பெரிதாக வந்த கையை உங்களால் விட முடியாது, தோற்றது தெரிந்தும் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். ஆட்டத்தை விட்டுக்கொடுத்து ராஜாக்களைக் கவிழ்த்துப் போடுங்கள். வருவதானால் நான் என் காலால் நடந்து வருவேன். இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக இழுபட்டு வர மாட்டேன்.

கெஞ்சிக் கேட்கிறேன்.

கடுகு

ஜூன் 22

கடுகு,

உன் கடிதத்தைத் தபால்காரர் கொடுத்தபோது நீ எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாய். நீலச் சேலை, தோளில் கைப்பை. அவர் எட்டிப் பார்த்து, "வீட்ல அம்மா வந்துட்டாங்களா சார்?" என்றார். ஆமாம் என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

ஆனால் நீ சாப்பாட்டைத் தொடவில்லை. என்னைப் பார்க்கவில்லை. கூப்பிட்டால், விரலால் மேசையைத் தட்டினாய். மறுபடி கூப்பிட்டேன். மறுபடி தட்டினாய். எத்தனை தடவை கேட்டாலும் அதே தட்டல்தான். பதில் கேட்டு நிற்கிறவளுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று அப்போதுதான் உறைத்தது.

மூன்று ராஜா, கடுகு. எனக்கு வாழ்க்கையில் வந்த ஒரே பெரிய கை. நாலு சீட்டையும் கவிழ்த்தபடியே நடுவில் தள்ளிவிட்டு மேசையில் தலை வைத்து அழுதேன். நிமிர்ந்தபோது நாற்காலி காலியாக இருந்தது.

நீ இருக்கிறாயா? அதை மட்டும் எழுது.

ஜூன் 27

அன்புள்ள உங்களுக்கு,

இருக்கிறேன். டப்பாவில் நாலு சீட்டும் இருக்கின்றன. காலையில் படியில் இறங்கும்போது வீட்டுக்கார அம்மா பிடித்துக்கொண்டார். "எங்கம்மா போயிருந்த, ஆளையே காணோம்?" என்றார். வீட்டுக்குப் போயிருந்தேன் என்று சொன்னேன்.

சாவியை இத்துடன் வைத்திருக்கிறேன். மேசையைத் துடைத்துவிட்டு, இனி உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

கடுகு