எமிலியோவின் முழங்காலும் நூற்றொரு தேங்காயும்

யூலை 19, வெள்ளி

புழுக்கம். ஏசி சத்தம் மட்டும் போடுகிறது. பள்ளிக்கூட விடுமுறை, ஆகவே எனக்கு பஸ் ஓட்டம் இல்லை. வேலைகள்: பல் டொக்டர், மிளகாய்த்தூள், இவருடைய சேட்டுக்குப் பொத்தான்.

எங்கள் பேஸ்போல் அணியின் எமிலியோ இன்றைக்கு விளையாடினான்!! பத்து மாதத்துக்குப் பிறகு. முழங்கால் ஒப்பரேசனுக்குப் பின் முதல் ஆட்டம். ஒன்பது இன்னிங்ஸும் மட்டைக்காரனுக்குப் பின்னால் குந்தியிருந்து பந்து பிடித்தான். கச்சரின் பிழைப்பே அதுதான். குந்து, எழும்பு, குந்து, எழும்பு. என்னால் கோயிலில் ஒருதரம் குந்தி எழும்பவே தூண் வேண்டும்.

இவர் சோபாவில் இருந்து வழமையான பல்லவி.

“உது ஒரு விளையாட்டே? அடிச்சுப்போட்டு மட்டையை எறிஞ்சுபோட்டு ஓடுறாங்கள்.”

கல்யாணம் கட்டி முப்பது வருடம், அதே பல்லவி. கிரிக்கெட்காரர்.

நேர்த்தி பலித்துவிட்டது. மறக்காமல் எழுதி வைக்கிறேன். பெப்ரவரியில் பிள்ளையாரிடம் கேட்டது: எமிலியோ திரும்பவும் குந்தியிருந்து பந்து பிடித்தால், தேர் அன்றைக்கு 101 தேங்காய் உடைப்பேன். தேர் ஓகஸ்ட் 10.

யூலை 22, திங்கள்

மழை. பல் டொக்டர் இன்னொரு பல்லையும் காட்டிப் பயமுறுத்துகிறார்.

தோல்வி. 7–2. எரிச்சலில் எழுதுகிறேன்.

– முதலாம் பேஸுக்கு மூன்று பேர். மூன்றாம் பேஸுக்கு ஒருவரும் இல்லை. வீட்டில் மூன்று அகப்பை, சட்டி இல்லை.
– பெரிய ஒப்பந்தம் கொடுத்து எடுத்த, பந்து எறிகிற பிச்சருக்கு ஐந்தாவது இன்னிங்ஸோடு கை சோர்ந்துவிடும். ஆனால் போஸ்டர் முழுக்க அவன்தான்.
– கடைசி இன்னிங்ஸ் எறிய வருகிறவனுக்குத் தாடி மட்டும் பயங்கரம்.
– எமிலியோ: நான்கில் இரண்டு அடி. ஓட்டம் எடுக்க ஓடிவந்த ஒருவனை ஹோம் பிளேட்டில் மறித்து விழுத்தினான். இவன் ஒருவன்தான் வேலை செய்கிறான்.

முதலாளிகளுக்கு இது எதுவும் கண்ணில் படாது. மைதானத்து மேல்தட்டில் நானும் யோகா மச்சாளும் இருபது வருடம் இருந்து பார்த்த வரிசையைப் பிடுங்கிவிட்டு, நின்று குடிக்கிற பார் போட்டிருக்கிறார்கள். அங்கே நிற்கிறதுகள் மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு செல்பி எடுக்குதுகள். பக்கத்தில் நின்ற ஒரு பெடிச்சி போன கிழமை என்னைக் கேட்டாள்: “ஆன்ரி, which one is us?”

இந்த நாட்டுக்கு வந்த புதிதில், பெட்டி அடுக்குகிற தொழிற்சாலை ரேடியோவில் கேட்டுக் கேட்டுத்தான் நான் இந்த விளையாட்டையும் இங்கிலீசையும் ஒன்றாகப் படித்தேன். எனக்கு முதுகைக் காட்ட வராது.

யூலை 26, வெள்ளி

கோயில். எமிலியோ பெயருக்கு அர்ச்சனை. பிறந்த திகதியை இன்ரர்நெற்றில் எடுத்து, பஞ்சாங்கம் பார்த்து, சித்திரை நட்சத்திரம் என்று நான் கண்டுபிடித்து மூன்று வருடம். ஐயர் இப்போது சிரிப்பதில்லை. “எமிலியோ நாமதேயஸ்ய” என்று தடக்காமல் சொல்கிறார். முன்பு முழு அணிக்கும் செய்வித்தேன். மாதத்துக்கு ஒரு ஆளை மாற்றுகிறார்கள், பட்டியலைத் திருத்தித் திருத்தி ஐயருக்கே அலுத்துவிட்டது. அதற்குப் பிறகு இவனுக்கு மட்டும்.

மச்சாள் போன். இவருடைய அக்கா, ரூஜ் பக்கம் குடியிருக்கிறார். என்னைவிடப் பெரிய பைத்தியம்.

“வசந்தி, செவ்வாய்க்கிழமையோட ஆள் மாத்துற ட்ரேட் தவணை முடியுது. எமிலியோவை வேற ரீமுக்குக் குடுக்கப்போறாங்களாம் எண்டு கதைக்கினம்.”

“விசரே மச்சாள் அவங்களுக்கு? இப்பதானே எழும்பி வந்தவன்.”

“அதுதானடி. இப்பதான் விலை போவான்.”



யூலை 30, செவ்வாய்

கொடுத்துவிட்டார்கள்.

பின்னேரம் ஐந்தே முக்காலுக்குச் செய்தி. பட்டியலில் எங்களுக்கு நேர் மேலே நிற்கிற அணிக்கு! நாங்கள் அவர்களைப் பிடிக்க மூன்றே ஆட்டம் இருக்கும்போது. பதிலுக்கு இரண்டு பத்தொன்பது வயதுப் பிள்ளைகளும், ‘பெயர் பிறகு அறிவிக்கப்படும்’ ஒருவரும். பெயர் பிறகாம். பெயரில்லாத ஆளுக்கு நான் எந்த நட்சத்திரத்தில் அர்ச்சனை செய்வது?

முகாமையாளர் ரீவியில்: எதிர்காலத்தை நோக்கிய முடிவாம். எனக்கு ஐம்பத்தெட்டு வயது. எந்த எதிர்காலம்?

ஐந்து மாதம் பிள்ளையாரிடம் நான் கெஞ்சி எடுத்த முழங்கால். பத்து நாள் ஓடவிட்டுப் பார்த்து, நல்லாயிருக்கிறது என்று தெரிந்ததும் தூக்கிக் கொடுத்திருக்கிறார்கள். கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைக்கிற கூட்டம். அதில் கடைக்காரி நான்.

ஓகஸ்ட் 1, வியாழன்

பெரிய பிரச்சினை. இரண்டு நாளாக மண்டைக்குள் குடைகிறது.

நேர்த்தி வைத்தபோது ‘எங்கள் அணிக்கு’ என்று சொல்லாமல் விட்டுவிட்டேன். யார்தான் சொல்லுவார்கள்? பிள்ளைக்குச் சோதனை பாஸாக வேண்டும் என்று கேட்கிற தாய், எந்தப் பள்ளிக்கூடம் என்று சொல்லியா கேட்கிறாள்?

மச்சாள்: “உடைக்கக் கூடாது. பதின்மூண்டாம் திகதி அவன் இஞ்ச வந்து எங்களோடதான் விளையாடப்போறான். எதிரிக்கு ஆரும் தேங்காய் உடைப்பினமே?”

இவர்: “பிள்ளையாரோட ட்ரேட் செய்ய ஏலாது.”

இவருக்கு இது பகிடி. எனக்கு இல்லை. உடைத்தால் எங்களை அடிக்கப்போகிற காலுக்கு நன்றி சொன்னதாகும். உடைக்காவிட்டால், அந்தக் காலுக்கு ஏதும் நடந்தால்?

ஓகஸ்ட் 4, ஞாயிறு

வெயில். மிளகாய்த்தூள் எடுத்தாயிற்று, உறைப்புக் காணாது.

ஐயரிடம் கேட்டேன். விஷயம் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

“அம்மா, நீங்கள் பேர் சொன்னது ஆளுக்கோ, ரீமுக்கோ?”

“ஆளுக்கு.”

“ஆள் எழும்பி நடக்கிறாரோ?”

“ஓடுறார் ஐயா.”

“பிறகென்ன?”

அடுத்த ஆளின் தட்டை வாங்கப் போய்விட்டார். எனக்கு அவர் மேலும் கோபம்.

ஓகஸ்ட் 10, சனி

தேர். வெக்கை. கோயில் கார்த் தரிப்பிடம் முழுக்கச் சனம், பறை, கற்பூரம், தண்ணீர்ப் பந்தல். தேங்காய் மூன்று சாக்கு, இவர் தள்ளுவண்டியில் கொண்டுவந்து இறக்கினார்.

“நான் உடைக்கட்டோ? உம்மட தோள் ஏலாது,” என்றார்.

“என்ர நேர்த்தி. நான்தான்.”

உடைக்கத் தொடங்கினேன். பிள்ளையார் என்னை மன்னிக்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் மனதுக்குள் ஒரு வசை. இது பெரிய முதலாளிக்கு. இது முகாமையாளருக்கு. இது பார் போட்டவனுக்கு. இது தாடிக்காரனுக்கு. நல்லாய்ச் சிதறின. பக்கத்தில் நின்ற பொம்பிளை ஒருத்தி, “அக்காவுக்கு என்ன பக்தி!” என்றாள்.

அப்போதுதான் கை நின்றது. முப்பத்திரண்டு உடைத்திருந்தேன். ஒன்றுகூட எமிலியோவுக்காக உடைக்கவில்லை.

இவரிடம் மெதுவாகச் சொன்னேன். “இஞ்சருங்கோ, இந்த முப்பத்திரண்டும் திட்டித் திட்டி உடைச்சது.”

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. சிதறிக் கிடந்ததைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“அப்ப அதெல்லாம் நோ போல். திரும்பப் போட வேணும்.”

காரை எடுத்துக்கொண்டு போனார். தேருக்கு ரோட்டை மறித்திருந்தார்கள், சுற்றித்தான் போக வேண்டும். முக்கால் மணித்தியாலம் கழித்து, வேர்வையில் சேட்டு முதுகோடு ஒட்ட, முப்பத்திரண்டு தேங்காயோடு வந்தார். இரண்டு கடையில் தேங்காய் முடிந்திருந்ததாம், மூன்றாவதில்தான் கிடைத்ததாம். இந்த விளையாட்டு என்ன விளையாட்டு என்று முப்பது வருடம் கேட்ட மனுசன்.

மிச்சம் எல்லாவற்றையும் அவனுக்காகவே உடைத்தேன். இடையில் இரண்டு தரம் முதலாளிகள் நினைவில் வந்தார்கள். கண்ணை மூடி, அவன் குந்துகிற விதத்தை நினைத்து, பிறகு எறிந்தேன். தோள் கழன்று போச்சு.

மச்சாள் வரவில்லை.

ஓகஸ்ட் 13, செவ்வாய்

தோளுக்குச் சித்தாலேப தைலம் பூசினேன். மழை வரும் போல இருந்து வரவில்லை, மைதானத்தின் கூரை திறந்தே இருந்தது. வீட்டில் இருந்துதான் பார்த்தேன். முதலாளிகளின் மைதானத்தில் இந்த வருடம் இனி என் காலடி படாது.

எமிலியோ எதிரணியின் சாம்பல் நிற உடுப்பில். முதல் தரம் அடிக்க வந்தபோது சனம் எழும்பி நின்று கைதட்டியது. அந்தப் பாரில் நின்றதுகளும் திரும்பிப் பார்த்திருக்கும்.

ஒன்பதாவது, கடைசி இன்னிங்ஸ். ஒரு ஓட்டத்தால் பின்னால் நிற்கிறோம். இரண்டு பேர் அவுட், இன்னும் ஒருவன் போனால் முடிந்தது. எங்களுடைய வேகமான பெடியன் முதலாம் பேஸில். இரண்டாம் பேஸுக்குக் களவாக ஓடப்போகிறான் என்று எனக்கே தெரியும், எமிலியோவுக்குத் தெரியாதா? ஓடினான். எமிலியோ எழும்பவில்லை. முழங்காலில் நின்றபடியே எறிந்தான். அந்த முழங்காலில். பந்து நேரே இரண்டாம் பேஸில் போய் இறங்கியது. அவுட். ஆட்டம் முடிந்தது. தோற்றோம்.

நான் சோபாவை விட்டு எழும்பி நின்றிருக்கிறேன், இரண்டு கையும் மேலே. இவர் ரீவியை விட்டுவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உடனே போன். மச்சாள்.

“உன்ர தேங்காய்தான் எங்களைத் தோற்கடிச்சது. இப்ப சந்தோசமோ உனக்கு?”

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

“ஓம் மச்சாள்,” என்றேன்.

போனை வைத்துவிட்டார்.