இடது சிறுநீரகத்தில் ஒரு கட்டி

அன்பு மகள் பாப்புவுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம். இந்த முறை ‘நலம்’ என்ற வார்த்தையை டாக்டரிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன், அதனால் பதறாமல் படி. நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறாய் என்று நம்புகிறேன்.

போன மாதம் எனக்கு வயிற்றுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போன இடத்தில், பித்தப்பையில் கல் இருக்கிறதா என்று ஸ்கேன் எடுத்தார்கள். கல் இல்லை, ஆனால் இடது சிறுநீரகத்தில் ஓர் உருண்டை தெரிந்தது. கட்டி மாதிரி இருக்கிறது, சிடி ஸ்கேன் எடுத்துவிடலாம் என்றார் டாக்டர். ‘மாதிரி’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு அப்பா வீடு வந்து சேர்ந்தார், ‘கட்டி’யை நான் எடுத்துக்கொண்டேன். உனக்குச் சொல்ல வேண்டாம், அவ்வளவு தூரத்தில் தனியாகக் கிடந்து தவிப்பாய் என்று அப்பா சொல்லிவிட்டார். நீ போன் செய்தபோதெல்லாம் தண்ணீர் மோட்டார் ரிப்பேரான கதையையே நான் பேசிக்கொண்டிருந்தது அதனால்தான். போனை வைத்ததும் உன் அறைக்குப் போய், உன் கட்டிலில் சும்மா படுத்துக் கிடப்பேன்.

சிடி எடுக்கும் அறையில் குளிர் எலும்பைத் தொட்டது. மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னார்கள். கண்ணை மூடினால் உன் முகம்தான், விடச் சொன்ன பிறகும் விட மனமில்லை. ஸ்கேன் படம் பார்க்கிற டாக்டர் உன் வயசுப் பெண். திரையை எங்கள் பக்கம் திருப்பி, “உருண்டைக்குள்ள கறுப்பா இருக்கு பாருங்க. உங்க தோலுக்கு அடியில இருக்கற கொழுப்பும் இதே கறுப்புதான். இது கொழுப்புக் கட்டிம்மா, புற்றுநோய் இல்ல. சின்னதுதான், வருஷத்துக்கு ஒரு தடவை ஸ்கேன்ல பாத்துக்கிட்டா போதும்” என்றாள். வீட்டில் எண்ணெய் எங்கே போகிறது என்று இப்போதுதான் தெரிகிறது என்று அப்பா சொல்ல, அந்தப் பெண் சிரித்துவிட்டாள். ஆனால் வரும் வழியில் சிக்னலில் பச்சை விழுந்தும் அவர் காரை எடுக்கவில்லை. பின்னால் எல்லாரும் ஹாரன் அடிக்க, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அழுதுகொண்டிருந்தார். “இனிமே பாப்புகிட்ட சொல்லிடலாம்” என்றார்.

போனில் சொன்னால் நான் அழுவேன், நீ விமான டிக்கெட் தேடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். முடிவு தெரியாமல் இருந்த நாட்களில் நான் சாவுக்குப் பயப்படவில்லை, பாப்பு. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருகிறாய், இனி எத்தனை தடவை உன்னைப் பார்ப்பேன் என்று விரல் விட்டு எண்ணினேன். கட்டி ஒன்றும் செய்யாது என்று தெரிந்த பிறகு மறுபடியும் எண்ணிப் பார்த்தேன். அப்போதும் பத்து விரலும் தேவைப்படவில்லை, மிச்சம் இருந்தன.

நீ ஒரு குறையும் இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். வேலை மும்முரத்தில் தண்ணீர் குடிக்க மறந்துவிடாதே. லீவு கேட்டுப் பார்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா