நூற்று ஐம்பத்தொன்று காட்டிய மீட்டர்

ஷிராகுரா
பிப்ரவரி 9

மதிப்பிற்குரிய தோகாஷி அக்காவுக்கு,

கனமோரி ஷுன் வணங்கி எழுதுவது. இங்கே மலைப்பக்கம் இன்னும் பனி விட்டபாடில்லை. விரைவுச்சாலையில் உப்புத் தூவும் லாரிகள் விடியுமுன்பே கிளம்பிவிடுகின்றன. தீவுக்கு வரும் கப்பல் காற்றில் அடிக்கடி நின்றுபோகிறது என்று செய்தியில் கேட்டேன். உங்கள் முழங்கால் இந்தக் குளிரைத் தாங்குகிறதா? மியோவும் குழந்தையும் நலம். கொஹாருவுக்கு ஆறு மாதம் முடிந்துவிட்டது. கீழ் ஈறில் ஒரு பல் எட்டிப் பார்க்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். மார்ச் மாதம் நம் ரோந்து வண்டிக்கு ஓட்டுநர் பட்டியல் புதிதாகப் போடுகிறார்கள். விண்ணப்பிக்க இந்த மாதம் இருபதாம் தேதி கடைசி நாள். அதில் உங்கள் பெயர் இல்லை, இல்லாததற்குக் காரணம் நான். இதைச் சொல்லத்தான் காகிதம் எடுத்தேன். ஆனால் கை தானாக வேறு சேதிகளுக்கு ஓடுகிறது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வண்டி. அது நன்றாக இருக்கிறது. டிசம்பரில் பிரேக் தட்டுகளை மாற்றினார்கள். மாகாணத்தில் வேறு எந்த ரோந்து வண்டியின் தட்டையும் அதற்குப் போட முடியாது என்பதால் பட்டறைக்காரர் வழக்கம்போலப் புலம்பினார். புலம்பிக்கொண்டே அதைத் துணியால் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். அந்த மருந்துக்கடைக்காரர் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்பு காவல்துறைக்கு நன்கொடையாகக் கொடுத்த ஸ்போர்ட்ஸ் கார் இன்றைக்கும் புதுசுபோல நிற்கிறதென்றால் அந்தத் துணிக்கும் பங்குண்டு. கறுப்பு வெள்ளை சாயம், நெஞ்சுயரம்கூட இல்லாத கூரை, அதன்மேல் சிவப்பு விளக்கு. ஐந்நூற்றுச் சொச்சம் குதிரைத்திறனுக்கு இடுப்புத் துப்பாக்கியோடு உட்கார இடம் வைக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான் குறை. இப்போதும் இருக்கையில் இறங்கும்போது துப்பாக்கிப் பிடி என் விலாவில் இடிக்கிறது.

இரண்டே இருக்கை என்பதால் பிடிபட்டவரைப் பின்னால் உட்காரவைத்து அபராதச் சீட்டு எழுத முடியாது என்று மற்ற வண்டிக்காரர்கள் கேலி பேசுவார்களே, அது இன்னும் ஓயவில்லை. பிடிபட்டவர் இடது பக்கம், சீட்டு எழுதும் நான் உங்கள் இடத்தில், நீங்கள் வெளியே நின்று லாரிகளுக்குச் சிவப்புக் கோலை ஆட்டிக்கொண்டு. உங்களுக்குக் கிடைத்த மழையெல்லாம் அப்படிக் கிடைத்ததுதான். ஆனாலும் பிடிபட்டதற்குச் சந்தோஷப்படுகிறவர்களை இந்த வண்டியில்தான் பார்த்தேன். போன வாரம் ஒருவர் கையெழுத்துப் போட்டுவிட்டு, "ஐயா, ஒரு தடவை சைரனை நான் போட்டுக்கலாமா?" என்று கேட்டார். சுதோவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

சுதோதான் இப்போது ஓட்டுகிறான். நல்லவன், கண் கூர்மை. ஆனால் பிரேக்கை மிதிக்கிறான். நீங்கள் மிதித்ததே இல்லை, பாதத்தை வைப்பீர்கள். வண்டி நின்றபிறகுதான் நின்றது தெரியும். அவனிடம் சொன்னேன், "தோகாஷி அக்கா ஓட்டுறப்ப என் மடியில காப்பி டப்பா திறந்தபடி இருக்கும்டா" என்று. அவன் நம்பவில்லை. "அதெல்லாம் நீங்க கட்டுற கதை" என்கிறான்.

அவனுக்கு அந்தத் தாத்தா விஷயத்தையும் சொன்னேன். நானாசே வெளிவாயிலில் எழுபத்தெட்டு வயதுக்காரர் எதிர்த்திசையில் நுழைந்துவிட்டார் என்று வானொலியில் வந்த அன்று, நாம் இருபத்து நான்கு கிலோமீட்டர் தள்ளி இருந்தோம். நமக்கும் அவருக்கும் நடுவே ஏகப்பட்ட வண்டிகள், எல்லாம் அவரை நோக்கிப் போய்க்கொண்டு. அந்த வண்டிகளுக்கு முன்னால் போய் அத்தனையையும் நிறுத்தவேண்டும், வேறு வழியில்லை. பதினேழு கிலோமீட்டரை ஐந்து நிமிஷத்துக்குள் கடந்தீர்கள். மீட்டர் இருநூற்றைத் தாண்டியபோது நீங்கள் என்னிடம் பேசியது ஒரே வாக்கியம், "மைக்குல நிதானமாப் பேசு, நீ பதறினா அவங்களும் பதறுவாங்க." கூட்டத்தின் தலைக்கு வந்ததும் இரண்டு தடத்திலும் மாறி மாறி வளைந்து, நூறை எண்பதாக்கி, நாற்பதாக்கி, சுரங்கப்பாதைக்கு முன்னால் நாற்பத்தோரு வண்டிகளை ஒரு கீறல் இல்லாமல் நிறுத்தினீர்கள். நிறுத்தி ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, தாத்தாவின் வண்டி வளைவில் வந்தது, வலப்பக்கம் திரும்பும் விளக்கைப் போட்டுக்கொண்டு. நீங்கள் போய்க் கதவைத் திறந்து, "களைச்சுப் போயிட்டீங்க தாத்தா, சாவியக் குடுங்க, மீதியை நான் ஓட்டுறேன்" என்றீர்கள். நான் அன்றைக்கு இறங்காமல் மைக்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன், இதை சுதோவிடம் சொல்லவில்லை.

இந்த வண்டி வேகமாகப் போவதற்காகக் கொடுக்கப்பட்டதில்லை என்று நீங்கள் அடிக்கடி சொல்வீர்கள். "சீக்கிரம் போய்ச் சேர்ந்துட்டு மெதுவாகுறதுக்குடா இது. போய்ச் சேர்றது எஞ்சின் வேலை, மெதுவாகுறது நம்ம வேலை." அந்த இரண்டாவது வேலையில்தான் நான் தவறினேன்.

குழந்தை எழுந்துவிட்டாள். நாளை எழுதுகிறேன்.

பிப்ரவரி 12

நாளை என்றது மூன்று நாள் ஆகிவிட்டது. இன்று காலை பிரிவுத் தலைவர் அறைக்குப் போய் ஹதகேதா ஐயாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன். உங்களிடம் சொல்லாமல் அவரிடம் முதலில் சொன்னதற்கு மன்னிக்கவேண்டும். உங்களிடம் முதலில் சொல்லியிருந்தால் தடுத்திருப்பீர்கள்.

போன ஜூன் மாதம், அந்த மினோவா என்பவரின், சின்ன எஞ்சின் என்பதற்காக மஞ்சள் நம்பர் பிளேட் போட்ட குட்டிக் கார். நாம் பின்னால் போய்ச் சேர்ந்து, அவர் வேகத்துக்கு நம் வேகத்தைப் பொருத்தி, ஒரே இடைவெளியில் முந்நூறு மீட்டர் ஓடி, நீங்கள் "இப்ப" என்று சொன்னபிறகுதான் நான் பொத்தானை அமுக்கவேண்டும். அமுக்கினால் நம் வண்டியின் மீட்டர் அப்படியே நிற்கும், அதுதான் அவருடைய வேகம். எத்தனை நூறு தடவை செய்தது. அன்றைக்கு நீங்கள் "இப்ப" சொல்வதற்கு முன்பே நான் அமுக்கிவிட்டேன், அக்கா. நாம் இன்னும் அவரை எட்டிப் பிடிக்கும் பாய்ச்சலில் இருந்தோம். நின்ற எண் நம்முடையது, அவருடையது இல்லை. பிறகு நீங்கள் நிதானமாக "இப்ப" என்றபோது நான் "சரி" என்றேன். உங்கள் கண் சாலையில் இருந்தது. எண்ணை நீங்கள் பார்க்கவில்லை, பார்க்கவேண்டியவன் நான்.

பழைய ரோந்து வண்டியாக இருந்தால் ஒரு மூச்சு முன்னதாக அமுக்கினாலும் நாலைந்து கிலோமீட்டர்தான் பிசகும். இந்த வண்டியில் ஒரு மூச்சுக்கு முப்பது. நூற்று ஐம்பத்தொன்று என்று நான்தான் சீட்டில் எழுதினேன். மழை பிடித்துக்கொண்டது, நீங்கள் அந்த மனிதருக்குக் குடை பிடித்துக்கொண்டு வெளியே நின்றீர்கள். அவர் எண்ணைப் பார்த்து, "அவ்வளவா போனேன்?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார். எனக்குச் சந்தேகம் வந்தது. வரவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் மீட்டர் காட்டியதை யார் கேள்வி கேட்பது என்று இருந்துவிட்டேன்.

மறுநாள் ஹதகேதா ஐயா சீட்டைப் பார்த்துச் சிரித்ததும், சிரிப்பு பாதியில் நின்றதும் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அந்தக் குட்டிக் காரை மலை உச்சியிலிருந்து உருட்டிவிட்டாலும் நூற்று ஐம்பத்தொன்று போகாது. யார் தவறு என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் நீங்கள், "நான்தாங்க ஐயா. அவசரப்பட்டு 'இப்ப'ன்னு சொல்லிட்டேன்" என்றீர்கள். நான் திறந்த வாயை மூடிக்கொண்டேன். வெளியே நடைவழியில் இயந்திரத்திலிருந்து எனக்கு ஒரு காப்பி எடுத்துக் கொடுத்து, "மியோவுக்கு எப்பத் தேதி குடுத்திருக்காங்க?" என்று கேட்டீர்கள். அடுத்த வாரம் சார்ஜென்ட் தேர்வு முடிவு வந்தது, நான் தேறினேன். உங்களை வண்டியிலிருந்து இறக்கினார்கள். செப்டம்பரில் தீவுக்கு அனுப்பினார்கள். இப்போது நீங்கள் ஓட்டுவதும் ஒரு மஞ்சள் பிளேட் குட்டி வண்டி என்று கேள்விப்பட்டேன்.

எட்டு மாதம் சும்மா இருந்தவனுக்கு இப்போது என்ன வந்தது என்று நினைப்பீர்கள். போன ஞாயிறு விரைவுச்சாலை ஓய்விடத்தில் பாதுகாப்புப் பிரச்சாரம். வண்டியை நிறுத்தி, குழந்தைகளை உட்காரவைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தோம். வரிசையில் மினோவா நின்றிருந்தார், மகளோடு. எனக்கு அவரைத் தெரிந்தது, அவருக்கு என்னைத் தெரியவில்லை. மகளைத் தூக்கி உங்கள் இருக்கையில் வைத்துவிட்டு என்னிடம், "இத ஓட்டுற அம்மா எங்க சார்? எனக்குக் குடை பிடிச்சவங்க" என்று கேட்டார். வேறு ஊருக்கு மாற்றல் என்றேன். "அவங்க எங்க வீட்டுக்கு வந்து பாய்ல நெத்தி படக் குனிஞ்சு மன்னிப்புக் கேட்டாங்க. எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு சார். நானும் நூத்திப் பதினெட்டு போனவன்தானே. அன்னிக்கிலேர்ந்து நூறைத் தாண்டுறதில்லன்னு பாத்தா சொல்லுங்க" என்றார். நீங்கள் குனிந்தது எனக்கு அதுவரை தெரியாது. தப்பான சீட்டுக்காக ஐயாவோடு நீங்கள் அவர் வீட்டுக்குப் போனது தெரியும், என்ன செய்தீர்கள் என்று யாரும் சொல்லவில்லை. என் தலை குனிந்திருக்கவேண்டிய பாயில் உங்கள் நெற்றி.

அன்று வீட்டில் மியோவிடம் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவே இல்லை. "சாப்பிடும்போதுகூட உங்க கட்டைவிரல் எதையோ அமுக்கிட்டே இருக்கு. என்னைக்குச் சொல்லுவீங்கன்னு பாத்திட்டிருந்தேன்" என்றாள். சார்ஜென்ட் பட்டை போனால் போகட்டும், மகள் பெரியவளானதும் இதைக் கேட்டால் பதில் சொல்லும்படி இருங்கள் என்றும் சொன்னாள்.

ஹதகேதா ஐயா நான் சொன்னதை முழுதும் கேட்டுவிட்டு, "எட்டு மாசமா இதை வயித்துக்குள்ள வெச்சிட்டிருந்தியா?" என்றார். பிறகு சன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். அவருக்கு அப்போதே சந்தேகமாம். உங்களைத் தனியாகக் கூப்பிட்டு இரண்டு தடவை கேட்டாராம். "ஸ்டியரிங் என் கையில. வண்டிக்குள்ள நடந்தது எதுவானாலும் என்னுது" என்று நீங்கள் சொல்லி முடித்துவிட்டீர்களாம். "அவ ஒரு பிடிவாதக்காரி. நீ ஒரு கோழை. நான் ஒரு சோம்பேறி, ரெண்டாவது தடவையோட விட்டுட்டேன்" என்றார். திட்டு வாங்கியதில் இவ்வளவு நிம்மதி உண்டு என்று எனக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது.

என் விஷயம் விசாரணைக்குப் போகும். பட்டை இருக்குமா என்று தெரியாது. விரைவுச்சாலைப் பிரிவில் இருக்கமாட்டேன் என்பது மட்டும் நிச்சயம். தொலைந்த பொருள் பிரிவில் ஆள் குறைவாம், குடைகளுக்கு நம்பர் கட்டும் வேலை. அதைச் செய்யத் தயாராக இருக்கிறேன். இடது இருக்கைக்கு இன்னொருவரைப் பார்க்கிறார்கள். பொறுமையான கை உள்ளவரைப் போடுங்கள் என்று ஐயாவிடம் நானே கேட்டுக்கொண்டேன்.

உங்கள் மேல் இருந்த குறிப்பை எடுத்துவிடுவதாக ஐயா வாக்குக் கொடுத்திருக்கிறார். ஆனால் திரும்பி வருவதற்கு விண்ணப்பம் உங்களிடமிருந்து வரவேண்டும், இருபதாம் தேதிக்குள். தபால் போய்வர நான்கு நாள், கப்பல் நின்றால் ஆறு. அதனால் விண்ணப்பத்தை நானே நிரப்பி இதோடு வைத்திருக்கிறேன். பெயர், பதவி, பணியாற்றிய ஆண்டுகள், எல்லாம் சரிபார்த்துவிட்டேன். கீழே கையெழுத்துக்குப் பதிலாக நீங்கள் குத்தும் பெயர் முத்திரைக்கான வட்டம் மட்டும் காலியாக இருக்கிறது.

அக்கா, உங்களோடு நான்கு வருஷம் அந்த வண்டியில் உட்கார்ந்தவன் சொல்கிறேன். உங்கள் கையில் அது ஓடுவதுபோல வேறு யார் கையிலும் ஓடாது, சுதோவுக்கும் இது தெரியும். என்மேல் உங்களுக்குக் கோபம் இருக்கும், இருக்கவேண்டும். அது தீர்ந்தபிறகு முத்திரை குத்தலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள், கப்பல் காத்திருக்காது. முதலில் குத்தி அனுப்புங்கள். பிறகு எத்தனை வருஷம் வேண்டுமானாலும் என்னிடம் பேசாமல் இருங்கள்.

முழங்காலைக் குளிரில் விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மியோ வணக்கம் சொல்லச் சொன்னாள்.

தலை வணங்கி,
கனமோரி ஷுன்